கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்

1

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். பிறந்தநாள் இல்லை, வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் முடிந்ததற்காக. இங்கே எந்த நல்ல காரியத்துக்கும் ஒரே கேக்தான். பச்சை நிறத்தில் பாதாம் மாவுப் போர்வை, உச்சியில் ஒரு ரோஜாப்பூ. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கே பழக உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது எது? மொழியா, குளிரா?" என்று கேட்டாள்.

"காது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. அதை அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் கேக் தீர்ந்துபோகும் என்பதால் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கூடுவாஞ்சேரிக்காரி. பெயர் வாசுகி. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் பாஸ்கருக்கு வேலை மாறியதால், ஆறு வயது மகள் மேகலையோடு சுவீடனின் வடக்கு மூலைக்கு வந்து சேர்ந்தோம். ஊரின் பெயர் ஊமெயோ. முதன்முதலில் அந்தப் பெயரைச் சொன்னபோது, கூடுவாஞ்சேரியில் கால் டாக்சி ஓட்டும் என் அண்ணன் சிவா கேட்டார்:

"இன்னாது, ஊமையோவா? யாரும் பேசமாட்டாங்களா அங்க? வாய வெச்சிகினு நீ இன்னாம்மா பண்ணுவ?"

கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் முதல் ஒரு வருடம் அது ஆரூடம் போலவே இருந்தது.

2

நான் வேலை பார்ப்பது சக்கர நாற்காலி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில். நாற்காலியை உலுக்கி, இடித்து, மேட்டிலிருந்து தள்ளிவிட்டு, எங்கே உடைகிறது என்று பார்ப்பது என் வேலை. என் மேலாளர் இங்கெலா. உயரமானவர், நிதானமானவர், ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் வருவதற்குள் நாம் காபி போட்டுவிடலாம்.

சேர்ந்த புதிதில் அவரிடம் போய், "மகளின் பள்ளியில் கூட்டம், வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து "ஸ்ஸ்ஹப்" என்று மூச்சை உள்ளே இழுத்தார். காலில் முள் குத்தினால் நாம் இழுப்போமே, அப்படி. நான் பயந்துபோய், "பரவாயில்லை, பரவாயில்லை, என் கணவர் போவார்" என்று திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் வேறொரு அனுமதி கேட்டேன். மறுபடியும் "ஸ்ஸ்ஹப்". மறுபடியும் நான் பின்வாங்கினேன். பக்கத்து மேசை லார்ஷ் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "அவர்தான் சரி என்கிறாரே, நீ ஏன் வேண்டாம் என்கிறாய்?"

இந்தப் பக்கத்தில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் ஒலி. வாயைத் திறக்கக்கூட வேண்டாம்; மூச்சை இழுத்தால் போதும்.

மேகலை அதை ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டாள். வீடியோ அழைப்பில் அண்ணன் "சாப்ட்டியா பாப்பா?" என்றதற்கு "ஸ்ஸ்ஹப்" என்றாள். அண்ணன் முகம் மாறிவிட்டது. "வாசுகி, பாப்பாக்கு வீசிங் கீதா? டாக்டராண்ட காட்னியா இல்லியா?" நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்: உங்கள் பெயருக்கு வந்திருக்கும் பார்சலில் உள்ள பச்சைப் பொடி என்ன, அதன் பயன் என்ன, உண்பதா, பூசுவதா? அண்ணன் அனுப்பிய தூதுவளைப் பொடி. இல்லாத நோய்க்கு மருந்து என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், நானும் பாஸ்கரும் அந்தப் படிவத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினோம்.

நான் மட்டும்தான் தவறாகக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர்களும் என்னைத் தவறாகத்தான் கேட்டார்கள். நமக்கு யாராவது பேசினால் "ம்... ம்... சரி... ஓகே" என்று உம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவர், "கேக்குறியா, தூங்கிட்டியா?" என்பார். காபி இடைவேளையில் லார்ஷ் தன் மான் வேட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மானை மூஸ் என்பார்கள். நம் ஊர் எருமையைவிடப் பெரிய மான். நான் மரியாதையாக "ம்... யா... ஓகே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய இறைச்சியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். நடுவில் எங்கேயோ, "உனக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் மூன்று முறை சம்மதித்திருக்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் மூஸ் மிளகு வறுவல்தான்.

நன்றி சொல்ல அவரையும் மனைவியையும் விருந்துக்கு அழைத்தோம். இரண்டாம் முறை சோறு வைக்க வந்த பாஸ்கரைத் தடுத்து, சுவீடிஷ் வகுப்பில் படித்த தைரியத்தில், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து "நான் ஃபுல்" என்று அவர்கள் மொழியிலேயே அறிவித்தேன். விருந்தாளிகள் என் தண்ணீர் டம்ளரையே பார்த்தார்கள். நம் ஊர் மதுக்கடையில் ஃபுல் என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பார்களோ, இங்கேயும் அந்தச் சொல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. குடித்திருக்கிறேன் என்று அர்த்தமாம்.

3

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்று போன வருடத்துக்கு முந்தைய வருடம், இலையுதிர்காலத்தில் வந்தது.

எங்கள் நாற்காலிகளுக்கு இரும்புக் குழாய்ச் சட்டம் செய்துதரும் பட்டறை கருங்குழியில் இருக்கிறது. மறைமலைநகர் நாட்களிலேயே எனக்குத் தெரிந்த தனசேகர் அண்ணன் அதன் முதலாளி. ஜி.எஸ்.டி. சாலையில் லாரி போனால் கூரைத் தகடு கூடவே அதிரும். இருபது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். இங்கெலா புதிய ஆள் தேடியபோது அந்த முகவரியைக் கொடுத்தது நான்தான். இரண்டு வருடம் எல்லாம் நன்றாகப் போயிற்று. மாதம் ஒருமுறை அவரும் இங்கெலாவும் வீடியோவில் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்கு வேலை இல்லை.

பிறகு ஒரு புது மாடல் வந்தது. குறுகலான லிஃப்ட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகக் குழாயை முன்னைவிட இறுக்கமாக வளைக்கச் சொல்லி வரைபடம் போயிற்று. வந்து இறங்கிய சட்டங்களைச் சோதனை மேடையில் ஏற்றினேன். வளைவில் குழாய் வளையவே இல்லை. வெட்டி, சாய்த்து, பற்றவைத்திருந்தார்கள். உலுக்கியபோது அந்த ஒட்டிலேயே விரிசல் விட்டது. அடுத்த தொகுதி தாமதமாக வந்தது. அதிலும் அதே ஒட்டு.

இங்கெலா என்னை அறைக்குள் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. அவருக்குக் குரல் உயர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அவர் ஒவ்வொரு முறையும் 'நோ ப்ராப்ளம்' என்கிறார். நான் நம்பினேன். இனி எப்படி நம்புவது? வசந்த காலத்திலிருந்து வேலையை வேறு இடத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அதற்கு முன் நீ அவரிடம் பேச விரும்பினால் பேசு. உங்கள் மொழியில்."

வீட்டுக்கு நடந்து போகும்போது பனி பெய்துகொண்டிருந்தது. எனக்குக் கருங்குழி பட்டறையின் கூரைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

4

ஞாயிற்றுக்கிழமை தனசேகர் அண்ணனைக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமே செய்துவைத்திருந்தேன். சொல்ல அவர் விடவில்லை.

"தங்கச்சி, நான் மொத நாளே சொல்லிட்டேன்ல? சொல்லியும் இப்டி பண்ணா நான் இன்னா பண்றது?"

"இன்னா சொன்னீங்கண்ணே?"

"'லிட்டில் டிஃபிகல்ட் மேடம்'னு சொன்னேன்மா! இங்கிலீஷ்லயே சொன்னேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்.' நம் ஊரில் கல்யாண மண்டபக்காரர் இதைச் சொன்னால் நாம் வேறு மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுவோம். கடை முழுக்க ஷட்டரை இறக்கியாயிற்று என்று அர்த்தம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் ஷட்டர் முக்கால்வாசி திறந்திருக்கிறது.

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"'இன்ட்ரஸ்டிங், சொன்னதுக்கு தேங்க் யூ'ன்னாங்க. சிரிச்சாங்க. சரி, புரிஞ்சிகினாங்க, வேற படம் அனுப்புவாங்கன்னு நானும் வெய்ட் பண்ணிகினு கீறேன். வரல. டேட்டு கிட்ட வந்துடுச்சி. எங்க மெஷின்ல அவ்ளோ டைட்டா வளைச்சா பைப்பு உள்பக்கம் சுருங்கிப் பூடுது தங்கச்சி. அதான் வெட்டி ஒட்டினேன். ஆனா நல்லாத்தான் ஒட்டினேன்."

"அப்ப நோ ப்ராப்ளம்னு ஏன் சொன்னீங்க?"

"பெரிய மனுஷி, அவ்ளோ தூரத்துல இருந்து மொகத்துக்கு நேரா கேக்குறாங்க. முடியாதுன்னு எப்டிமா சொல்றது?"

மறுநாள் இங்கெலாவிடம் அவர் தரப்பைக் கேட்டேன். "கொஞ்சம் கஷ்டம் என்றார். கொஞ்சம்தானே, சமாளிப்பார் என்று நினைத்தேன். முதல் தொகுதி வந்ததும், 'இதை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நல்லது' என்று நானும் தெளிவாகச் சொன்னேனே."

தெளிவாக! சுவீடனில் மேலாளர் ஒருவர் அப்படிச் சொன்னால் சம்பந்தப்பட்டவருக்கு அன்று தூக்கம் வராது. கருங்குழியில் அது, 'நல்லா இருக்கு, நேரம் கிடைச்சா இன்னும் மெருகேத்துங்க' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு நல்லவர்கள் மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் 'முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருவருடைய காதிலும் விழுந்தது 'சரி'.

"நேரில் போவோம்" என்றேன். "ஒருமுறை. அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் நானே அவரிடம் முடிவைச் சொல்கிறேன்."

இங்கெலா மேசை நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்தார். இந்த முறை நான் பயப்படவில்லை. பயணச்சீட்டு பார்க்கப் போய்விட்டேன்.

இந்திய விசா படிவம் இங்கெலாவை மூன்று நாள் படுத்தியது. "என் அப்பா எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்கிறார்கள். நாற்காலிச் சட்டத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். தூதுவளைப் பொடிக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தைச் சொல்லி அவரைத் தேற்றினேன்.

5

ஜனவரி முதல் வாரம். பள்ளி விடுமுறை என்பதால் மேகலையும் என்னோடு வந்தாள். பாஸ்கருக்கு லீவு கிடைக்கவில்லை. எங்களைச் சிவா அண்ணன்தான் கருங்குழிக்கு ஓட்டிப்போனார்.

பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, இளநீர், முந்திரி பிஸ்கட் எல்லாம் தயாராக இருந்தன. தனசேகர் அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். பேச்சு தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் பழைய கதையே திரும்ப ஓட ஆரம்பித்தது. இங்கெலா, "இதில் சில கேள்விகள் இருக்கின்றன" என்றார். தனசேகர் அண்ணன், "ஓகே மேடம், டன் மேடம்" என்றார். இருவரும் புன்னகைத்தார்கள். எனக்கு வியர்த்தது.

அப்போது என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அவர் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர். கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக நாள் முழுக்க அவசரக்காரர்களின் குரலைக் கேட்பது அவர் பிழைப்பு. யார் என்ன கேட்டாலும் டிக்கெட்டை அடிப்பதற்கு முன் தன் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வார்: "சிங்கப்பெருமாள் கோயில், ரெண்டு, போக வர." கேட்டவர் ஆமாம் என்றால்தான் கை அசையும். வீட்டிலும் அப்படித்தான். அம்மா கடைக்குப் போகச் சொன்னால், "கால் கிலோ உளுந்து, கொத்தமல்லி" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"நிறுத்துங்க" என்றேன், இரண்டு மொழியிலும். "இனிமே ஒருத்தர் பேசி முடிச்சா, அடுத்தவர் பதில் சொல்லக் கூடாது. காதுல இன்னா வுழுந்துச்சோ அதத் திருப்பிச் சொல்லணும். அவர் ஆமான்னு சொன்னாத்தான் உங்க முறை."

தனசேகர் அண்ணன் சிரித்தார். "இன்னா தங்கச்சி, ஸ்கூல் மாதிரி கீது?"

முதலில் இங்கெலா பேசினார். அண்ணன் திருப்பிச் சொன்னார்: "மேடத்துக்கு நம்ம வெல்டிங் புடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் நைஸா வேணும்னு சொல்றாங்க." நான் மொழிபெயர்த்ததும் இங்கெலாவின் முகம் வெளுத்துவிட்டது. "இல்லை. அந்த ஒட்டே கூடாது என்கிறேன். அதில் உட்காருபவர் விழுந்துவிடுவார்."

அண்ணன் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார். "வுழுந்துடுவாங்களா? அத ஏம்மா இத்தினி மாசமா யாரும் சொல்லல?"

பிறகு அவர் முறை. ஒரு குழாயை எடுத்துவந்து, இயந்திரத்தில் வளைத்து, உட்பக்கம் விழுந்த சுருக்கத்தைக் காட்டிப் பேசினார். இங்கெலா திருப்பிச் சொன்னார்: "இது கடினம், ஆனால் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் செய்துவிடுவார்." நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்குள் ஒரு லாரி வந்து, கூரையை அதிரவைத்துவிட்டுப் போயிற்று.

"இல்ல மேடம்," என்றார் கடைசியில். "நாட் பாசிபிள். இந்த மெஷின்ல முடியாது." சொல்லிவிட்டு, அடி வாங்கப்போகிறவர் போல நின்றார்.

இங்கெலா நிம்மதியில் மூச்சை உள்ளே இழுத்தார். பெரிய "ஸ்ஸ்ஹப்".

"ஐயையோ, மேடத்துக்கு மூச்சு அடைக்குது! டேய், சோடா எடுத்தாடா!" என்று தனசேகர் அண்ணன் ஓடினார். மேகலை சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். என் அண்ணன் சிவா வாசலிலிருந்தே, "ஒண்ணும் இல்லபா, அவங்க ஆமான்றாங்க" என்று அனுபவசாலியாக விளக்கம் கொடுத்தார். விஷயம் புரிந்ததும் இங்கெலாவும் சிரித்தார். பிறகு அந்தச் சோடாவை முழுக்கக் குடித்தார்.

முடியாது என்று தெரிந்தபின் வேலை சுலபமாகிவிட்டது. பின்பக்க வளைவை அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை, முன்னைப்போல இருக்கலாம் என்று இங்கெலா ஊமெயோவில் வரைபடக்காரரைக் கேட்டுச் சொன்னார். முன்பக்க வளைவு மாறவே கூடாது என்றார். அதை மறைமலைநகரில் தனக்குத் தெரிந்த ஒருவரின் நல்ல இயந்திரத்தில் வளைத்து வாங்கிக்கொள்வதாகத் தனசேகர் அண்ணன் ஒப்புக்கொண்டார். இதை அவர் திருப்பிச் சொல்ல, அவர் சொன்னதை இங்கெலா திருப்பிச் சொல்ல, மதியச் சாப்பாடு ஆறிப்போனது. வேலை கைமாறவில்லை. இன்றுவரை சட்டம் அங்கிருந்துதான் வருகிறது. என் சோதனை மேடையில் அது உடையவும் இல்லை.

6

அந்தப் பயணத்தில் எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. படூரில் வாங்கலாம் என்று ஒரு ஃபிளாட்டைப் பார்க்க வேண்டும். மேகலை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது ஊருக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டில் நெடுநாளாகப் பேச்சு. ஒன்பதாவது மாடி. பால்கனிக்கு எதிரே இன்னொரு பால்கனி. ஓரமாக நின்று எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் என்றார் புரோக்கர். எட்டிப் பார்த்தேன், நீலமாக ஏதோ தெரிந்தது, தண்ணீர்த் தொட்டியாகக்கூட இருக்கலாம். எனக்குப் பிடித்துவிட்டது. "சூப்பர்மா" என்றார் சிவா அண்ணன். "நல்லாருக்கு" என்றார் பாஸ்கர், போனில் பார்த்துவிட்டு. "சரி" என்றாள் மேகலை.

சனிக்கிழமை தனசேகர் அண்ணன் குடும்பம் இங்கெலாவுக்குச் சிற்பங்களைக் காட்ட மாமல்லபுரம் கிளம்பியது. நாங்களும் போனோம். அவர்கள் பாறைப் பக்கம் போய்விட, நானும் மேகலையும் கடற்கரை மணலில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பட்டறையில் கேட்டது இன்னும் காதில் இருந்ததாலோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"அந்த வீட்டுக்கு சரின்னு சொன்னியே. அந்த சரிக்கு இன்னா அர்த்தம்?"

அவள் தோளைக் குலுக்கினாள். வேறு நாளாக இருந்திருந்தால் உடனே பேச்சைத் தொடர்ந்திருப்பேன்: பள்ளி எவ்வளவு பக்கம், மாமா வீடு எவ்வளவு பக்கம். அன்று வாயை மூடிக்கொண்டேன். ம் கூடச் சொல்லவில்லை. "நான் பேசும்போது நீ ம் ம்னு சொன்னா, சீக்கிரம் முடின்னு சொல்ற மாதிரி இருக்கும்மா" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அலைகள் வந்தன, போயின. எழுந்து மணலைத் தட்டிவிடப் போகிறாள் என்று நினைத்த நேரத்தில் பேசினாள்.

"அந்த வீட்டப் பத்திப் பேசும்போது உன் குரலே மாறிடுதும்மா. அவ்ளோ சந்தோஷமா இருக்கும். அப்ப எப்படி வேணாம்னு சொல்றது?"

நான் காத்திருந்தேன்.

"நாம அங்க போன புதுசுல நீ பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவ. எனக்குக் கேக்கும். உனக்கு அங்க யாரும் இல்ல. இங்க வந்தா எனக்கு அப்படி ஆகும்."

அவளுக்கு அப்போது ஆறு வயது. குழாய்ச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கும் தனசேகர் அண்ணன் மாதிரிக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "உனக்கு நம்ம ஊருக்கு வரப் புடிக்கல" என்றேன்.

"இல்லம்மா! நான் அப்படிச் சொல்லவே இல்ல. வரப் புடிக்கும். மாமா வீட்டுல ஒரு மாசம் முழுக்க இருக்கப் புடிக்கும். இருந்துட்டுத் திரும்பிப் போகணும். அதான்."

"வரணும். இருக்கணும். திரும்பிப் போகணும்."

"ஆமா" என்றாள். சத்தமாக, தமிழில்.

இங்கெலாவை அவருடைய ஹோட்டலில் விட்டுவிடுவதாகத் தனசேகர் அண்ணன் சொல்லிவிட்டார். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். காரில் சிவா அண்ணன் கேட்டார்: "புரோக்கரு போன் பண்ணிகினே கீறான்மா. இன்னா சொல்லட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. "மாமா, எனக்கு அந்த வூடு வேணாம்."

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கும்தாம்மா புடிக்கல," என்றார் மெதுவாக. "பால்கனில துணி காயப்போட்டா எதுத்த வூட்டுக்காரன் மூஞ்சில படும். நீ ஆசப்படுறியேன்னுதான் சூப்பர்னேன்."

பாஸ்கரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய "அப்பாடா" கேட்டது. மேகலை சிரித்தாள், அண்ணன் சிரித்தார், கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். இத்தனை பேர் சம்மதித்த வீட்டை விரும்பியது நான் ஒருத்தி மட்டும்தான்.

கேளம்பாக்கம் சிக்னலில் வண்டி நின்றது.

"நீயாவது நெஜமா ஆசப்பட்டியாம்மா?" என்றார் அண்ணன்.

"ஆசப்பட்டேண்ணே."

விளக்கு பச்சையானது. நேராகப் போனால் படூர். அண்ணன் இடப்பக்கம், வீட்டுக்குப் போகும் சாலையில் திருப்பினார். பின்னாலிருந்து மேகலையின் கை வந்து என் தோளில் உட்கார்ந்தது. வண்டலூர் வரும்வரை அவள் அதை எடுக்கவில்லை.